வுட் பர்னர் (வீட்டைச் சூடாக்கும் விறகு அடுப்பு) போடப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நியூசிலாந்தில் குளிர்காலம் நெருங்கினால் தபால் பெட்டியில் விழும் துண்டுத்தாள்களில் பாதி, வீட்டைச் சூடாக்குவது பற்றித்தான் இருக்கும். அதில் "பழைய பர்னரைக் கழற்றிப் புதியது மாட்டித் தருகிறோம், கவுன்சில் அனுமதி எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று ஒன்று வந்தால் நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். எங்களிடம் 6,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, ஊருக்குள் போடவே கூடாத ஒரு பர்னரை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பணம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்பதால் கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. எந்த வழியில் ஏமாற்றினார்கள் என்பதைச் சொல்கிறேன், வேறு பெயரில் வருகிறவர்களும் அதே வழியில்தான் வருவார்கள்.

முதலில் ஒரு விஷயம். இங்கே பெரும்பாலான ஊர்களில் ஒரு வீட்டுக்கு இரண்டு கவுன்சில்கள். காற்று, ஆறு, நிலத்தடி நீர், வெள்ளத் தடுப்பு இவை ரீஜனல் கவுன்சிலின் கையில். கட்டட அனுமதி, குப்பை, குடிநீர், உள்ளூர்ச் சாலை இவை சிட்டி அல்லது டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் கையில். நாட்டில் ரீஜனல் கவுன்சில்கள் மொத்தம் 11. 1989இல் நடந்த சீர்திருத்தத்தில் ஆற்று வடிநிலங்களை ஒட்டி எல்லை வகுத்து உருவாக்கியவை. ஆக்லாந்து, நெல்சன், டாஸ்மன், மார்ல்பரோ, கிஸ்போர்ன் ஆகிய இடங்களில் இரண்டு வேலையையும் ஒரே கவுன்சில் பார்க்கிறது. சில பகுதிகளில் ரீஜனல் கவுன்சிலின் ரேட்ஸ் என்ற சொத்து வரியையும் சிட்டி கவுன்சிலே தன் பில்லில் சேர்த்து வசூலித்துவிடும். பில் ஒன்றாக வந்தால் கவுன்சிலும் ஒன்று என்றுதானே நினைப்போம்?

வுட் பர்னர் இந்த இருவருக்கும் நடுவில் விழுகிற பொருள். அதன் புகை ரீஜனல் கவுன்சிலின் கணக்கு, கூரையைத் துளைத்து ஏற்றும் புகைக்குழாய் சிட்டி கவுன்சிலின் கணக்கு. எங்களுக்கு விற்றவர் இந்த இடைவெளியில்தான் பிழைப்பு நடத்தினார். அனுமதி எண் கேட்டால், "இது ரீஜனல் கவுன்சில் ஓகே சொன்ன மாடல்" என்பார். "சரி, அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்" என்றால், "பேப்பர் எல்லாம் சிட்டி கவுன்சிலில் இருக்கிறது, வந்ததும் அனுப்புகிறேன்" என்பார். பேச்சு மட்டும் தேன். ராத்திரி கட்டையைப் போட்டால் காலைவரை கனன்றுகொண்டே இருக்கும் என்பதைத்தான் பெரிய சிறப்பாகச் சொல்லி விற்றார்.

அந்தச் சிறப்பே குற்றம் என்று பிறகுதான் தெரிந்தது. விடிய விடிய எரிய வேண்டுமானால் காற்று உள்ளே போகும் வழியை நன்றாகக் குறைக்க வேண்டும். காற்று குறைந்தால் விறகு சரியாக எரியாமல் புகையும். இப்படிப்பட்ட மாடல்களைப் பண்ணை வீடுகளுக்கென்று விற்கிறார்கள், அங்கே அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் 2 ஹெக்டேருக்குக் குறைவான மனையில் 2005 செப்டம்பர் 1க்குப் பிறகு மாட்டும் எந்த வுட் பர்னரும், ஒரு கிலோ உலர்ந்த விறகுக்கு 1.5 கிராமுக்கும் குறைவாகவே துகள்களை வெளியே விட வேண்டும். வெப்பத்திறன் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத்தர விதி இது. கேன்டர்பரி போன்ற இடங்களில் நகரப் பகுதிகளுக்கு இதைவிடவும் கெடுபிடி அதிகம். எங்கள் மனை 2 ஹெக்டேரில் ஒரு மூலைக்குக்கூட வராது. வீட்டுக்குள் வந்து அளவெடுத்துவிட்டுப் போன ஆளுக்கு அது தெரியாதா?

இந்த விதி வெறும் சம்பிரதாயம் இல்லை. பனி விழும் இரவில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நின்றுவிடும். ஊரின் புகையெல்லாம் கீழேயே சிக்கிக்கொள்ளும். கிறைஸ்ட்சர்ச், டிமாரு, அலெக்சாண்ட்ரா பக்கம் குளிர்காலத்தில் இருந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். பி.எம். 10 எனப்படும் நுண்துகள்களுக்கு 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம். குளிர்கால இரவுகளில் அந்த வரம்பு தாண்டப்பட முக்கியக் காரணமே வீட்டு அடுப்புகள்தான்.

எங்கள் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் அறை ஜன்னலுக்கு நேரே போயிருக்கிறது. அவர்கள் ரீஜனல் கவுன்சிலின் மாசுப் புகார் எண்ணுக்கு அழைத்துவிட்டார்கள். வந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். பர்னரில் ஒட்டியிருந்த தகட்டில் மாடல் பெயரைப் பார்த்துவிட்டு, "இது ஊருக்குள் போடுகிற மாடல் இல்லையே, பில்டிங் கன்சென்ட் (கட்டட அனுமதி) எண் இருக்கிறதா?" என்று கேட்டார். கம்பெனி கொடுத்திருந்த "இன்ஸ்டலேஷன் சர்டிபிகேட்"டைக் காட்டினோம். அது மாட்டியவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள், கவுன்சிலின் ஆவணமே இல்லை. சிட்டி கவுன்சிலில் விசாரித்தால், எங்கள் முகவரிக்கு விண்ணப்பம்கூட வரவில்லை என்றார்கள்.

அதற்கப்புறம்தான் அலைச்சல். புகையைப் பற்றிக் கேட்டால் அங்கே போ, குழாயைப் பற்றிக் கேட்டால் இங்கே வா என்று இரண்டு அலுவலகமும் மாற்றி மாற்றி அனுப்பின. தனித்தனியாக எல்லாரும் மரியாதையானவர்கள், ஆனால் இரண்டு அலுவலகமும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. கடைசியில் தெரிந்துகொண்டது இது. வேலை முடிந்த பிறகு பில்டிங் கன்சென்ட் வாங்கவே முடியாது. அனுமதியில்லாமல் முடித்த வேலையைப் பிறகு ஏற்றுக்கொள்ளும் சர்டிபிகேட் ஆஃப் அக்செப்டன்ஸ் என்று ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பர்னரே விதிக்குப் பொருந்தாதபோது அதுவும் உதவாது. கழற்றத்தான் வேண்டும். அதையும் எங்கள் செலவில் செய்தோம்.

கம்பெனி கைவிரித்துவிட்டது. சிறிய தொகைத் தகராறுகளை விசாரிக்கும் டிஸ்பியூட்ஸ் டிரிப்யூனலுக்குப் போனோம். அங்கே வக்கீல் கிடையாது, நடுவர் முன்னால் நாமே பேச வேண்டும். எங்களைக் காப்பாற்றியது கோட்டேஷனில் இருந்த ஒரே ஒரு வரி: "அனைத்துக் கவுன்சில் அனுமதிகளும் இதில் அடங்கும்." 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டப்படி சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னோம். பணத்தைத் திருப்பித் தர உத்தரவாகிவிட்டது. ஒரு பகுதி வந்தது, மீதிக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வசூல் நடவடிக்கை தொடங்கியிருக்கிறோம்.

நீங்கள் போடுவதாக இருந்தால் முதலில் மாடலின் முழுப் பெயரை எழுத்தில் வாங்குங்கள். அனுமதி பெற்ற பர்னர்களின் பட்டியலைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிடுகிறது, அதில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பகுதிக்குக் கூடுதல் விதி உண்டா என்பதை ரீஜனல் கவுன்சிலிடம் நீங்களே மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம், பதில் கையில் இருக்கட்டும். பில்டிங் கன்சென்ட் எண் கிடைத்ததும் சிட்டி கவுன்சிலை அழைத்து அது உங்கள் முகவரிக்குத்தானா என்று சரிபாருங்கள். அதற்கு முன் வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். கடைசித் தவணையை, வேலை அனுமதிப்படி முடிந்தது என்று கவுன்சில் தரும் கோட் கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட் வந்த பிறகுதான் தருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒழுங்கான ஆட்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. கம்பனீஸ் ரெஜிஸ்டர் என்ற அரசுப் பதிவேட்டில் கம்பெனிப் பெயரைத் தேடுவதும் இலவசம்தான், நடத்துபவர்கள் யார், எப்போது பதிவானது என்பதெல்லாம் தெரியும்.

ஏற்கெனவே மாட்டி முடித்தவர்கள் சிட்டி கவுன்சிலில் உங்கள் வீட்டின் ப்ராபர்ட்டி ஃபைலை (வீட்டைப் பற்றிக் கவுன்சில் வைத்திருக்கும் ஆவணக் கோப்பு) கேட்டுப் பாருங்கள். பர்னருக்குக் கன்சென்ட் அதில் இல்லையென்றால், தீ விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதலில் பிடிக்கும். வீட்டை விற்கும்போதும் வாங்குகிறவரின் வக்கீல் அதைத் தோண்டி எடுப்பார். கோட்டேஷன், ரசீது, குறுஞ்செய்தி, தகட்டின் போட்டோ எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். எங்கள் கோட்டேஷனில் இருந்த பெயரும் உங்களுடையதும் ஒன்றா என்று பார்க்க விரும்பினால் தனிச் செய்தியில் கேளுங்கள்.