ஓரியோ போக் கேக்: ஓட்டைக்குள்ள புட்டிங்கா, கண்டென்ஸ்டு மில்க்கா?

வெந்த கேக்குல ஓட்டை குத்தி உள்ள எதையாவது ஊத்தி எடுக்கிறதுதான் போக் கேக். கடையில விக்கிற பாக்ஸ் மிக்ஸ்ல சாக்லேட் போக் கேக்னு சொன்னாலே எந்தக் கம்பெனி மிக்ஸ், பெட்டி கிராக்கரா, டங்கன் ஹைன்ஸா, பில்ஸ்பரியான்னுதான் முதல்ல கேப்பாங்க. என்னைக் கேட்டா அதுல அலச ஒண்ணுமே இல்லங்க. டெவில்ஸ் ஃபுட்னு (கருப்பா இருக்கிற சாக்லேட் கேக்) போட்டிருக்கிற எதை வேணா எடுங்க, தண்ணிக்குப் பதிலா ஆறின கருப்புக் காபி ஊத்திக் கலக்குங்க, மேல ஓரியோவும் க்ரீமும் விழுந்தப்புறம் எந்தக் கம்பெனின்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு, பழைய ரெசிபி பாத்து பண்றீங்கன்னா அதுல 18.25 அவுன்ஸ் பாக்ஸ்னு இருக்கும், அப்புறம் அது 15.25 ஆச்சு, இப்ப சில பாக்ஸ் அதுக்கும் கீழ போயாச்சு, விலை மட்டும் இறங்கின பாடில்ல. அதனால அதே 9க்கு 13 இஞ்ச் பான்ல கேக் கொஞ்சம் தட்டையாத்தான் வரும், 350 டிகிரி ஃபாரன்ஹீட்ல வெச்சுட்டு பாக்ஸ்ல சொல்ற நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே குச்சி குத்திப் பாத்துடுங்க.

நிஜமான கேள்வி ஓட்டைக்குள்ள எது போகணும்ங்கிறதுதான். 1970கள்ல அமெரிக்காவுல இந்தக் கேக் பரவினதே ஜெல்லோங்கிற ஜெலட்டின் பொடிய விக்கிறதுக்குத்தான். வெள்ளைக் கேக்க முள்கரண்டியால குத்தி, கரைச்ச ஜெல்லோவ ஊத்தி வெச்சா வெட்டும்போது சிவப்புக் கோடு கோடா தெரியும். சாக்லேட் கேக்ல அந்தக் கோடும் தெரியாது, ருசியும் ஒட்டாது. அதுபோக ஜெலட்டின் விலங்கோட தோல், எலும்புலேர்ந்து எடுக்கிறது, நம்ம ஆளுங்க வீட்டுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டு வர்ற பாட்லக்ல வெஜிடேரியன்ஸ் யாரும் தொட மாட்டாங்க. குளிர்ந்த பால்ல கலக்குற இன்ஸ்டன்ட் புட்டிங் பொடி பாக்ஸ்ல ஜெலட்டின் கிடையாது, ஸ்டார்ச்சும் பாஸ்பேட்டும் சேந்துதான் பால இறுக்குது. (முட்டையும் வேணாம்னா மூணு முட்டை, எண்ணெய், தண்ணி எல்லாத்துக்கும் பதிலா 12 அவுன்ஸ் கோக் கேன் ஒண்ண மிக்ஸ்ல ஊத்துங்க, கேக் கொஞ்சம் உதிரும் ஆனா வேலைக்கு ஆகும்.) ஆக சாக்லேட்டுக்கு நின்னு மோதுறது ரெண்டே ரெண்டு.

கண்டென்ஸ்டு மில்க் பக்கம் பேசணும்னா அதவிட சோம்பேறித்தனமான வேலை உலகத்துல கிடையாது, 14 அவுன்ஸ் டப்பாவத் திறக்கணும், ஊத்தணும், அவ்ளோதான். கேக் அடுப்புலேர்ந்து எடுத்த சூட்டோட இருக்கும்போதே ஊத்தணும், ஆறிப்போச்சுன்னா மேலயே பிசுபிசுன்னு நிக்கும், உள்ள இறங்காது. முள்கரண்டி ஓட்டையே போதும். ஆனா ஒண்ணு கவனிங்க, இது ஓட்டைக்குள்ள நிக்காது, கேக் முழுசா குடிச்சுடும், வெட்டினா எங்க ஓட்டை போட்டோம்னே தெரியாது, கேக் கொஞ்சம் பளபளன்னு ஈரமா இருக்கும், அவ்ளோதான். அப்புறம் இனிப்பு. டப்பா லேபிள் படி ரெண்டு டேபிள்ஸ்பூன்ல 22 கிராம் சர்க்கரை, முழு டப்பாவுல 220 கிராம் சர்க்கரை, அதுமேல ஓரியோ க்ரீம், அதுமேல இன்னொரு க்ரீம். பசங்க சாப்பிட்டுடுவாங்க, பெரியவங்க ரெண்டாவது வாயிலயே தண்ணி கேப்பாங்க.

புட்டிங்ல சர்க்கரை ஒண்ணும் கம்மி கிடையாது, அத நான் மறைக்கல, ஆனா ரெண்டு பாக்ஸ் புட்டிங் நாலு கப் பால்ல பரவி வர்றதால வாயில அந்த அடி விழாது. இதுல வேலைய விட அவசரம்தான் ஜாஸ்தி. குளிர்ந்த பால்ல பொடியக் கொட்டி ரெண்டு நிமிஷம் விஸ்க் பண்ணி, தோசை மாவை விட தளர்வா ஓடுறப்பவே ஊத்திடணும், அந்த நேரம் பாத்து போன் அடிச்சா எடுக்காதீங்க, அஞ்சு நிமிஷத்துல கெட்டியாயிடும், அப்புறம் கரண்டியால தடவத்தான் முடியும். இதுக்கு முள்கரண்டி ஓட்டை பத்தாது, மரக்கரண்டியோட கைப்பிடிய விட்டு ஒரு இஞ்ச் இடைவெளியில கிட்டத்தட்ட அடி வரைக்கும் குத்தணும், வெளிய எடுக்கும்போது லேசா திருகி எடுத்தா ஓட்டை மூடாது. ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு வெட்டினா கருப்புக் கேக்குக்கு நடுவுல வெள்ளைத் தூண் தூணா நிக்கும். போக் கேக்னு பண்றதே அதப் பாக்கத்தான், அதனால என் ஓட்டு புட்டிங்குக்கு.

கடையில ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. குக் அண்ட் சர்வ்னு பக்கத்துலயே அதே மாதிரி பாக்ஸ் இருக்கும், அது அடுப்புல காய்ச்சுறது, இதுக்கு இன்ஸ்டன்ட்னு எழுதினதுதான் வேணும். பாதாம் பால் சோயா பால்லாம் ஊத்தினா சரியா இறுகாது, மாட்டுப்பால் புரதம் இருந்தாத்தான் அந்த பாஸ்பேட்டுக்கு வேலை. ஃப்ளேவர்ல எல்லாரும் நேரா ஓரியோ புட்டிங் பாக்ஸுக்குத்தான் கை நீட்டுவாங்க, எனக்கு அது அவ்வளவா ஒத்துக்காது, அதுல இருக்கிற பிஸ்கட் துகள் ஓட்டை வாய அடைச்சுக்கிட்டு உள்ள போற நிறமும் சாம்பல் மாதிரி ஆகுது. வொய்ட் சாக்லேட் புட்டிங் எடுங்க, வழவழன்னு இறங்கும், ஓரியோவ மேல போட்டுக்கலாம்.

மேல பூசறதுக்கு கூல் விப்பா (ஃப்ரீசர்ல விக்கிற ரெடிமேட் விப்ட் டாப்பிங்), நிஜ க்ரீமான்னா ருசில க்ரீம்தான், சந்தேகமே இல்ல. ஆனா ஜூலை மாசம் பார்க்ல பிக்னிக் டேபிள்ல வெக்கிற கேக்னா கூல் விப்தான் நிக்கும், அதுல பாலை விட எண்ணெயும் கெட்டியாக்குற கம் (gum) ஐட்டங்களும் ஜாஸ்தி, அதனாலதான் அந்தத் தாக்குப்பிடிப்பு. ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து ஃப்ரிட்ஜ்ல நாலு மணி நேரம் விடணும், மைக்ரோவேவ்ல வெச்சா கஞ்சி. க்ரீமே வேணும்னா ஒரு கப் ஹெவி க்ரீம்ல ஒரு டேபிள்ஸ்பூன் காஞ்ச புட்டிங் பொடி சேத்து அடிங்க, மறுநாளும் தண்ணி விடாம நிக்கும். எதுவானாலும் கேக் நல்லா குளிர்ந்தப்புறம்தான் பூசணும்.

இந்தியாவுல இருந்து படிக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு மாறும். இன்ஸ்டன்ட் புட்டிங் எல்லாக் கடையிலயும் கிடைக்காது, மில்க்மெய்ட் தெருமுனைக் கடையிலயே இருக்கும், அதனால அங்க கண்டென்ஸ்டு மில்க் ஜெயிக்கிறது நியாயம்தான், ஆனா முழுசா ஊத்தாம முக்கா டப்பாவ கால் கப் சூடான பால்ல கரைச்சு ஊத்திப் பாருங்க, இனிப்பும் அடங்கும், உள்ளயும் சீக்கிரம் இறங்கும். கஸ்டர்ட் பவுடர் காய்ச்சியும் ஊத்தலாம், தளர்வா சூடா இருக்கும்போதே ஊத்தணும், மஞ்சளாத் தெரியுதேன்னு வருத்தப்படக் கூடாது.

ஓரியோவ மட்டும் மிக்ஸில போட்டுடாதீங்க, மண்ணு மாதிரி ஆயிடும், கவர்ல போட்டு சப்பாத்திக் கட்டையால ரெண்டு தட்டு தட்டினா போதும், பாதி பொடியா பாதி துண்டா இருக்கணும். முந்தின நாளே தூவினா காலைக்குள்ள நமத்துப் போயிடும், அதனால ஜிப்லாக்ல தனியா எடுத்துட்டுப் போய் பரிமாறும்போது தூவிக்கோங்க.