மூன்றா, ஆறா? அவரைக் குடும்பத்து மரங்களைப் பிரிக்கும் இரண்டு வழிகள்

விரியத் தயாராக இருக்கும் குல்மோகர் மொட்டு ஒன்றை நகத்தால் பிரித்துப் பாருங்கள். வெள்ளையில் சிவப்புத் தெறித்த மேலிதழ், மற்ற நான்கு இதழ்களுக்கும் உள்ளே மடங்கியிருக்கும். புங்க மொட்டில் நேர் எதிர். மேலிதழ்தான் போர்வை மாதிரி எல்லாவற்றையும் வெளியிலிருந்து மூடியிருக்கும். தூங்குமூஞ்சிப் பூவிலோ இதழைத் தேடத்தான் வேண்டும், கண்ணில் படுவதெல்லாம் நீண்ட மகரந்தத்தாள்கள்.

அவரைக் குடும்பத்தின் பழைய முப்பிரிவு நிற்பது இந்த வித்தியாசங்களின் மேல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்கள் பெந்தாமும் ஹூக்கரும் ஒரே குடும்பத்துக்குள் மூன்று பிரிவாக வைத்ததை, அமெரிக்கத் தாவரவியலாளர் கிரான்குவிஸ்ட் 1981-இல் ஃபேபேசி (புங்கம்), சிசால்பினியேசி (குல்மோகர்), மைமோசேசி (தூங்குமூஞ்சி) என்று மூன்று தனிக் குடும்பங்களாகவே ஆக்கினார். பூ கையில் இருந்தால் போதும், ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். அந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சிசால்பினியேசி ஒரு குடும்பமே இல்லை. மற்ற இரண்டையும் எடுத்த பிறகு மிஞ்சியதை அள்ளிப் போட்ட கூடை அது. 2017-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாக 3,696 இனங்களின் பசுங்கணிகத்தில் உள்ள மேட்-கே (matK) என்ற மரபணுவை ஒப்பிட்டபோது அந்தக் கூடை சிதறியது. ஃபேபேசி என்ற ஒரே குடும்பம், அதற்குள் ஆறு துணைக்குடும்பங்கள் என்று முடிவானது. புளியும் அசோகமும் டெட்டாரியாய்டியேவுக்குப் போயின. மாட்டுக்குளம்பு போல இலை பிளந்த மந்தாரை செர்சிடாய்டியேவுக்குப் போனது. கொன்றையும் குல்மோகரும் தூங்குமூஞ்சி, கருவேலத்தோடு ஒரே சிசால்பினியாய்டியேவில் சேர்ந்தன. அதாவது, கொன்றைக்கு நெருங்கிய சொந்தம் தூங்குமூஞ்சிதான், புளி இல்லை! புங்கம் இருந்த பழைய பிரிவு பாப்பிலியோனாய்டியே என்ற துணைக்குடும்பமாக நின்றது. மீதமுள்ள இரண்டும் சின்னவை. அவற்றில் ஒன்றில் இருப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரே ஒரு கொடி.

புதிய முறையிலும் ஒரு சிரமம் உண்டு. கொன்றைப் பூவையும் தூங்குமூஞ்சிப் பூவையும் பக்கத்தில் வைத்தால் உறவென்று யாரும் நம்ப மாட்டார்கள். பூவை விட்டுவிட்டு இலைக்கு வாருங்கள். குல்மோகர் இலையும் தூங்குமூஞ்சி இலையும் இருமுறை பிரிந்த கூட்டிலைகள்தான்.

சரி, எதை எடுத்துக்கொள்வது? மரத்தடியில் நின்று அடையாளம் காண மொட்டுச் சோதனை போதும். உறவைச் சொல்லவும் பெயரட்டை எழுதவும் ஆறு பிரிவுதான் சரி. மைமோசாக்களும் தொலைந்துபோகவில்லை, சிசால்பினியாய்டியேவுக்குள் ஒரு கிளையாக அப்படியே இருக்கின்றன. புங்கம், வேங்கை, முருக்கு அட்டைகளில் ஃபேபேசி என்று இருந்தால் கைவைக்கவே வேண்டாம். சிசால்பினியேசி, மைமோசேசி என்று எழுதிய அட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், முதலில் புளியை.