நவம்பர் அட்ரியாட்டிக் கரையில் ஐந்து வாரம் சைக்கிள்: எது தாங்கியது, எது தாங்கவில்லை

குரோவேஷியாவின் ரியேக்காவில் 2024 அக்டோபர் மூன்றாவது வாரம் கிளம்பி, மாண்டினீக்ரோ, அல்பேனியா வழியாக நவம்பர் கடைசியில் கிரேக்கத்தின் இகுமெனிட்சா போய்ச் சேர்ந்தேன். சுமார் 1,200 கிலோமீட்டர். மூன்று வருடமாக ஓட்டும் அதே சைக்கிள்தான்.

கிளம்பும்போது மழைக்குத்தான் பயந்தேன். ஆனால் அந்தக் கரையில் காற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தென்கிழக்கிலிருந்து வரும் யூகோ என்ற காற்று மழையைக் கொண்டுவரும், உடம்பைச் சோர வைக்கும், இருந்தாலும் ஓட்டிவிடலாம். வெலெபிட் மலையிலிருந்து கடலை நோக்கி விழும் ‘பூரா’ என்ற காற்று வேறு ரகம். வானம் பளிச்சென்று நீலமாக, வெயில் அடிக்கும்போதே வரும். செஞ் ஊரைத் தாண்டி எட்டு கிலோமீட்டர் போயிருப்பேன், கடலின் மேல் வெள்ளைப் புகை மாதிரி நீர்த்திவலை பறப்பதைப் பார்த்தேன், அது என்னவென்று யோசிப்பதற்குள் சைக்கிள் அப்படியே வலப்பக்கம், கடலோரத் தடுப்புக் கம்பிவரை தள்ளப்பட்டுவிட்டது. இறங்கித் தள்ளவும் முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, காற்று மூச்சு வாங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஊருக்குத் திரும்பினேன். இரண்டு இரவு அறையெடுத்துக் காத்திருந்தேன். பூரா எச்சரிக்கை இருந்தால் தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். சைக்கிளில் மாட்டிய ஓர்ட்லீப் கம்பெனிப் பைகள் ஐந்து வாரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரையும் உள்ளே விடவில்லை, ஷ்வால்பே மாரத்தான் டயரில் ஒரே ஒரு பஞ்சர். விலை கொடுத்து வாங்கிய மழைச்சட்டை மூன்றாவது வாரத்தில் கைவிட்டது. கோட்டோர் வளைகுடாவில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. அதற்கு மேலே உள்ள சிர்க்விட்சே ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் இடம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே மழை, உள்ளே வியர்வை, ஏற்றத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் நனையாமல் இருக்கும் முயற்சியை விட்டுவிட்டு, நனைந்தாலும் சூடு காக்கும் கம்பளி பனியனை நம்ப ஆரம்பித்தேன். கைக்கு, கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, ஒரு சைஸ் பெரிதாக. அதைவிட நல்லது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

டென்ட் பாதி நாள் பையிலேயே கிடந்தது. அக்டோபர் நடுவிலேயே டென்ட் போடும் முகாம்களில் பெரும்பாலானவற்றை மூடிவிடுகிறார்கள். அறை வாடகை அப்போது குறைவுதான், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள், ஈர டென்டை நான்காவது நாளும் ஈரமாகவே மடித்துக் கட்டும்போது மனது உடைந்துபோகும்.

இன்னொன்று வெளிச்சம். அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள், அதன்பின் நவம்பர் நடுவில் நாலரை மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். காலையில் ஒரு மணி நேரம் தாமதித்தால் கடைசி 20 கிலோமீட்டர் இருட்டில்தான். டைனமோ விளக்கு இருந்ததால் சமாளித்தேன்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது பிரேக், அதாவது சக்கரத்தின் ரிம்மை ரப்பர் கட்டைகள் பிடித்து நிறுத்தும் வகை. அல்பேனியாவில் லோகரா கணவாய் 1,000 மீட்டருக்கும் மேல். சுரங்கப்பாதை அந்தக் கோடையில்தான் திறந்திருந்தது, வண்டிகள் அதில் போய்விட, பழைய சாலை எனக்கு மட்டும் என்பது போல இருந்தது. பைன் காட்டுக்குள் ஏறும் வரை சுகம். இறக்கம் முழுக்க மழை, கொண்டை ஊசி வளைவுகள். நான்காவது வளைவில் கரகரவென்று சத்தம், நிறுத்திப் பார்த்தால் ரிம் முழுக்கக் கறுப்புச் சேறு, முன் பிரேக் கட்டையில் ரப்பர் நகத்தளவுகூட இல்லை, உள்ளிருக்கும் உலோகம் தெரிகிறது. காலையில் பார்த்தபோது பாதிக்கு மேல் இருந்தது! ஈரச் சாலையின் மணல் ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவில் சிக்கி உப்புக்காகிதம் போல அரைத்துவிடும். மாற்றுக் கட்டை பையின் அடியில் இருந்தது. விறைத்த விரல்களால் அந்தச் சின்னத் திருகைத் திருக இருபது நிமிடம் ஆனது. அப்புறம் தெர்மி வரை ஒவ்வொரு வளைவிலும் நின்று ரிம்மைத் துணியால் துடைத்துக்கொண்டே இறங்கினேன்.

அடுத்த முறை டிஸ்க் பிரேக்கோடு, செப்டம்பர் கடைசியிலேயே கிளம்புவேன்.