கூகுள் ஸ்காலர்: மருந்து வேதியியலாளரை எடைபோட எவ்வளவு உதவும்?

சென்னையில் பிஎச்.டி.க்கு கைடு தேடும் எம்.ஃபார்ம், எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் கைக்கெட்டும் முதல் கருவி, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர்தான். 2004-இல் வந்த சேவை. காசு கிடையாது, கல்லூரி லாகினும் வேண்டாம். பேராசிரியருக்கு அங்கே பக்கம் இருந்தால் மொத்த சைட்டேஷன் (பிறர் கட்டுரைகளில் மேற்கோளான எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் (குறைந்தது h மேற்கோளாவது பெற்ற h கட்டுரைகள்), ஐ10 (குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை) மூன்றும் கணினித் திரையில் வலப்பக்கம் வந்து நிற்கும். தேடலைத் தொடங்க இதைவிட வசதியான இடம் இல்லை. அந்த மூன்று எண்களோடு நின்றுவிட்டால் மட்டும் ஏமாற்றம்தான்.

முதல் சிக்கல் நம் இனிஷியல். எஸ். குமார், ஆர். குமார் என்று எத்தனை பேர்! வெளிநாட்டு ஜர்னல்கள் குடும்பப் பெயர் கேட்கும்போது ஒரு கட்டுரையில் அப்பாவின் பெயர் அந்த இடத்துக்குப் போகும், அடுத்ததில் சொந்தப் பெயர் போகும். கட்டுரைகள் தானாகச் சேரும்படி வைத்திருந்தால் அடுத்தவர் வேலையும் பட்டியலில் ஏறிவிடும். உரியவர் நீக்காதவரை அங்கேயே கிடக்கும். புற்றுநோய் மருந்து செய்பவர் பக்கத்தில் சிமென்ட் ஆராய்ச்சி தெரிந்தால் மொத்த எண்ணையும் நம்பாதீர்கள். ஆய்வாளருக்கு 16 இலக்க ஆர்கிட் எண் (ஆய்வாளரின் தனி அடையாள எண்) இருந்தால் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைதான் பட்டியலில் மேலே இருக்கும். முதல் பத்தை எடுத்து, அதில் ரிவ்யூ கட்டுரைகளை (பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை) தள்ளிவிட்டு மீதியைப் பாருங்கள். எண் சட்டென்று சரிவது உண்டு. ஆய்வை நடத்தியவர் யார் என்பதையும் ஸ்காலர் காட்டாது. கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து எந்தப் பெயருக்கு மேல் நட்சத்திரக் குறி என்று பார்க்க வேண்டும்; பொதுவாக அது கட்டுரைக்குப் பொறுப்பான தொடர்பு ஆசிரியரைக் குறிக்கும். தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழிக்கவும் இங்கே வழியில்லை. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் உண்டு, ஆனால் அது சந்தா சேவை.

ஸ்காலரில் உண்மையிலேயே உருப்படியான வசதி, மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடும் சின்னப் பெட்டி. அதைத் தேர்ந்தெடுத்து மூலக்கூறின் பெயரையோ இலக்குப் புரதத்தின் (மருந்து தாக்க வேண்டிய புரதம்) பெயரையோ தட்டினால், அந்த வேலையைத் தொடர்ந்து செய்தவர் யார், முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனவர் யார் என்று பிரிந்துவிடும். கண்டித்து எழுதியதும் சைட்டேஷன்தான். மஞ்சளின் குர்குமின் பல சோதனைகளில் பொய்யான முடிவு காட்டக்கூடியது என்று 2017-இல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அதில் மேற்கோளான பழைய கட்டுரைகளின் கணக்கு அதனாலும் ஏறியிருக்கும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த உயிர்வேதியியலாளர் எல்லாப்ரகட சுப்பாராவை வைத்து இந்தச் சேவையைச் சோதிக்கலாம். பாஸ்பரஸை நிறத்தைக் கொண்டு அளக்கும் முறை பற்றி ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925-இல் எழுதிய கட்டுரை, அறிவியலிலேயே மிக அதிகம் மேற்கோள் பெற்றவற்றில் ஒன்று. அமெரிக்க மருந்து நிறுவனமான லெடர்லேயின் ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவான அமினோப்டெரின் என்ற மருந்தோ வேறு கதை. அதன் தயாரிப்பைச் சொன்ன 1947 கட்டுரையிலும் சரி, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் மருத்துவர் ஃபார்பர் அதைப் பயன்படுத்திய 1948 கட்டுரையிலும் சரி, ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஸ்காலர் கணக்கில் அது அவருக்கு வராது.

அதனால் மூலக்கூறுகளின் சோதனை முடிவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் கெம்பிள் (ChEMBL) தளத்தையும் கூடவே திறந்து வையுங்கள். இதுவும் இலவசம். கட்டுரையின் டிஓஐ எண்ணை (கட்டுரைக்கான தனி அடையாளக் குறி) கொடுத்தால் அதிலுள்ள மூலக்கூறுகளும் சோதனை முடிவுகளும் வரும். மூலக்கூறு எவ்வளவு குறைந்த செறிவில் வேலை செய்கிறது என்பதைச் சொல்வது பி-கெம்பிள் மதிப்பு; எண் கூடக் கூட வீரியம் அதிகம். 6 என்றால் 1 மைக்ரோமோலார், 9 என்றால் 1 நானோமோலார். ஒரே புரதத்தில் பல வருடம் உழைத்தும் எல்லாம் 5-ஐச் சுற்றியே நின்றால் மூலக்கூறு முன்னேறவில்லை என்று பொருள். கிருமிக்கொல்லி வேலையை இப்படி அளக்காதீர்கள். அங்கே அளவுகோலான எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) முடிவுகளுக்கு பி-கெம்பிள் மதிப்பு கிடையாது. குறிப்பிட்ட சில ஜர்னல்களிலிருந்துதான் இங்கே தரவு சேர்க்கிறார்கள் என்பதால், ஒருவர் வேலை காணவில்லை என்பதே குறையாகாது.

கம்பெனியில் இருந்தவர் என்றால் காப்புரிமைதான் பேசும். இந்திய விண்ணப்பங்களை காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் (InPASS) தேடல் தளத்தில் கண்டுபிடிப்பாளர் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும் என்பதால் சமீபத்திய வேலை தெரியாது. 2005-க்கு முன் இங்கே மருந்துக்குப் பொருள் காப்புரிமை இல்லை. அந்தக் காலத்தவர் பெயரில் இங்கே பெரும்பாலும் தயாரிப்பு முறைதான் பதிவாகியிருக்கும்.