மூன்று வருடம் சிஓபி-1: வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

பக்கத்து லேபில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணா, செல்லுக்குள்ள கார்பன் மோனாக்சைடு பாக்கணும். சிஓபி-1 சாயம் எப்படி?" மூன்று வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

2012இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் சாங் குழு வெளியிட்ட சாயம், உயிருள்ள செல்லுக்குள் கார்பன் மோனாக்சைடு இருந்தால் ஒளிர்ந்து காட்டும். பல்லேடியம் என்ற உலோகம் அதில் ஒட்டிக்கொண்டு ஒளியை அமுக்கி வைத்திருக்கும். கார்பன் மோனாக்சைடு வந்து புகுந்தால் பல்லேடியம் கழன்று பச்சை எரியும். இது உனக்கே தெரியும்.

தலைவலி என்னவென்றால், எரிந்தது அணையவே அணையாது. வீட்டுக் கரண்ட் மீட்டர் மாதிரி: இதுவரை ஓடிய யூனிட்டைச் சொல்லும், இப்போது ஃபேன் ஓடுகிறதா என்றால் விழிக்கும். ஹீம் என்பது ரத்தச் சிவப்பில் இருக்கும் இரும்புப் பொருள்; செல் அதை உடைத்தால் கார்பன் மோனாக்சைடு வரும். "ஹீமை எடுத்த பிறகு ஒளி குறைகிறதா?" என்று எங்கள் ப்ரொஃபசர் கேட்டார். எங்கிருந்து குறையும்! இதைப் புரியவைக்கவே எனக்கு இரண்டு வாரம் போனது. போதாததற்கு, சாயம் தவிர ஒன்றுமே போடாத செல் டிஷ்ஷும் ஒரு மணி நேரத்தில் லேசாகப் பச்சை கட்டும். ஒப்பிட அப்படி ஒரு கன்ட்ரோல் டிஷ் இல்லாமல் ஒரு படம்கூட எடுக்காதே.

கோபத்தில் ஒருமுறை விலை குறைந்த நைட்ரோ வகைச் சாயம் ஒன்றை வாங்கினேன். கார்பன் மோனாக்சைடை வெளிவிடும் ரூத்தேனியம் உலோகச் சேர்மமான கார்ம்-3 போட்டால் தீபாவளி. சிலிண்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடையே செலுத்தினால் கும்மிருட்டு. கார்ம்-3இல் இருக்கும் ரூத்தேனியம் செய்கிற வேலை அது. இந்த வகைச் சாயங்களுக்கு ரூத்தேனியம் கார்பொனைல் இருந்தால்தான் ஒளி வரும் என்று வேதியியலாளர் பிங்ஹே வாங் குழு 2020இலேயே எழுதிவிட்டது. நான்தான் படிக்காமல் பணத்தைத் தொலைத்தேன். சிஓபி-1ஐத் திட்டும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

சரி, நல்லதையும் சொல்கிறேன். ஒரு நாள் கார்ம் எதுவும் சேர்க்காமல் ஹீம் மட்டும் கொடுத்துக் கழுவிவிட்டுப் பார்த்தேன். ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி அதை உடைக்கும்போது செல் தானாகவே உண்டாக்கிய கார்பன் மோனாக்சைடு, ஒவ்வொரு செல்லிலும் பச்சையாக. துத்தநாக புரோட்டோபோர்ஃபிரின் கொடுத்து அந்த நொதியைத் தடுத்த டிஷ்ஷில் பாதிகூட இல்லை. இருட்டறையில் டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஆனாலும் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். என்னிடம் நாலு அலிக்வாட் (சின்னக் குழாயில் பிரித்து வைத்த சாயம்) மிச்சம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள், வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றியே கொண்டு போ. எனக்குப் புதிதாக ஆர்டர் போட்டாயிற்று.