யாக்கோபு வீட்டுக் கதைகள்: ஒரு ஜூம் வகுப்பு எப்படி இருந்தது

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் குடும்பக் கதைகளைப் பற்றி சனிக்கிழமை மாலைகளில் தமிழில் நடந்த ஜூம் வகுப்பு இது. கட்டணம் 600 ரூபாய். நடத்தியவர் இறையியல் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் ‘ஐயா’தான்.

கொடுத்த பணம் ஆடையையும் ஆட்டையும் பற்றிய பகுதிக்கே சரியாகப் போயிற்று. அண்ணன் ஏசாவின் உடையைப் போட்டு, கையிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக் குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு யாக்கோபு கண் தெரியாத அப்பாவை ஏமாற்றுகிறான். பிற்பாடு அவன் பிள்ளைகளே, தாங்கள் விற்றுவிட்ட தம்பி யோசேப்பின் பலவருண அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்து அவன் முன்னால் வைக்கிறார்கள். ‘இது உம்முடைய மகன் அங்கியா, பாரும்’ என்பதோடு சரி. மிருகம் தின்றது என்ற பொய்யைக் கிழவன் தானே சொல்லிக்கொள்கிறான். அடுத்த அதிகாரத்தில் யோசேப்பின் அண்ணன் யூதாவின் மருமகள் தாமார், அவனுடைய முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கைக்கோலையும் அனுப்பி அதே மாதிரி ‘யாருடையது, பாரும்’ என்கிறாள். அவற்றை அவன் அடகு வைத்ததும் ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்காகத்தான். ஆட்டைக் கொண்டு அப்பாவை ஏமாற்றினாய், ஆட்டைக் கொண்டே ஏமாறுவாய் என்று யூதாவைப் பார்த்து மித்ராஷே, அதாவது பழைய யூத வேத விளக்க நூலே, சொல்லியிருக்கிறதாம். யோசேப்பு கதைக்கு நடுவில் தாமாரின் 38ஆம் அதிகாரம் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

‘ஐயா, யாக்கோபுக்கு அந்த ஏமாற்றைச் சொல்லிக்கொடுத்த தாய் ரெபேக்காளுக்கு மட்டும் தண்டனையே இல்லையா?’ என்று ஒரு அக்கா கேட்டார். ‘சில நாள் போய் இருந்துவிட்டு வா என்று மகனை அனுப்பினாளம்மா. அவன் 20 வருஷம் தாய்மாமன் லாபான் வீட்டில் கிடந்தான். தாயும் மகனும் மறுபடி பார்த்துக்கொண்டதாக ஒரு வரி இல்லை. அவளுடைய தாதி தெபொராள் செத்தது கூட எழுதியிருக்கிறது, அவள் செத்தது எழுதவில்லை’ என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எப்போதும் மைக்கைத் திறந்து வைத்திருக்கும் அண்ணன் உட்பட.

அப்புறம் குறைகள். யோசேப்பை விற்ற 20 வெள்ளிக்காசு என்றதும் நேராக இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் 30 காசுக்குத் தாவிவிட்டார். பைபிளிலேயே சட்டங்கள் சொல்லும் லேவியராகமம் 27இல் 5 முதல் 20 வயது வரையுள்ள ஆணுக்கு மதிப்பு 20 சேக்கல் வெள்ளி, யோசேப்புக்கோ அப்போது 17 வயது. பக்கத்திலேயே பொருத்தமான விளக்கம் இருக்க, அவ்வளவு தூரம் ஓடுவானேன்? கதையில் வரும் எல்லாவற்றையும் எதற்காவது அடையாளமாக்கியே தீருவது என்ற பிடிவாதம் பிற்பாதி முழுக்க இருந்தது. கிணற்றைக் கூட விடவில்லை.

பலாத்காரத்துக்கு ஆளான யாக்கோபின் மகள் தீனாளின் கதையை ஐந்தே நிமிடத்தில் கடந்தது அதைவிட மோசம். அந்த அதிகாரத்தில் அவள் ஒரு வார்த்தை கூடப் பேசுவதில்லை. பேச வேண்டிய விஷயமே அதுதானே?

பதிவு செய்த வீடியோ தாமதமாக வந்தது, குறிப்புகள் கையெழுத்து நகல். பெரிய தொல்லை இல்லை. சேருகிறவர்கள் ஆதியாகமம் 25 முதல் 50 வரை அதிகாரங்களை முன்பே வாசித்துவிட்டுப் போங்கள், அங்கே கதைச்சுருக்கம் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து தாவீது ராஜாவின் வீடாம். அங்கேயும் ஒரு தாமார் இருக்கிறாள், ராஜாவின் மகள், அவளும் தீனாளைப் போலக் கெடுக்கப்பட்டு, உடுத்தியிருந்த பலவருண வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு அழுகிறாள். சேரலாம் என்றுதான் இருக்கிறேன். அவளையும் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பேன்.