கடலோரத்தில் நிற்கும் காருக்கு மோட்டுல் ஆர்பிஎஃப் 600: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மோட்டுல் நிறுவனத்தின் ஆர்பிஎஃப் 600 என்னும் பிரேக் ஆயிலை ஓராண்டாக என் காரில் பயன்படுத்தி வருகிறேன். கார் 2021ஆம் ஆண்டின் வோக்ஸ்வாகன் போலோ. ஒரு லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜின், ஆறு கியர், 110 குதிரைத்திறன். வார நாள்களில் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் போய்வரும் இதே கார்தான், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, மொரட்டாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி, திண்டிவனம், ஒரகடம் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓடி, இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்னும் பந்தயத் தடத்தின் டிராக் தினங்களில் கலந்துகொள்கிறது. பந்தயம் அல்ல, அவரவர் காரை அவரவர் திறமைக்கேற்ப, கால் மணி நேரம் அல்லது இருபது நிமிடம் கொண்ட சுற்றுகளாக ஓட்டிப் பழகும் நாள். மாலையில் அதே காரில்தான் வீடு திரும்ப வேண்டும் என்பதால், பராமரிப்பில் விட்ட குறைகளுக்கெல்லாம் அன்றே கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.

டிராக்கில் ஓட்டத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஏர் ஃபில்டர், அடுத்தது சைலன்சர், அதற்கடுத்தது அலாய் வீல். நானும் அந்த வரிசையில்தான் போனேன். பிரேக் ஆயில் என்ற ஒன்று காரில் இருப்பதே நினைவுக்கு வராத அந்த முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பாட்டிலின் மதிப்பைச் சொல்ல முடியாது.

டிராக் நாளுக்கு முந்தைய வாரம் காரை ஒரு சர்வீஸ் நிலையத்தில் விட்டு, மற்ற வேலைகளோடு பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லியிருந்தேன். பில்லில் அது தனி வரியாகவே இருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தபோது டப்பாவில் ஆயில் தெளிவாகவும் இருந்தது. டிராக்கில் இரண்டாவது சுற்றின் நான்காம் வலம் வரும்போது, நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் பாதி தூரம் இறங்கியது. இரண்டு முறை வேகமாகத் தட்டி மிதித்து, கியரைக் குறைத்து, வளைவைவிட்டு வெளியே புல்வெளியில் போய் நின்றேன். காருக்கும் எனக்கும் எதுவும் ஆகவில்லை. வீடு வந்து முன்சக்கரத்தைக் கழற்றி, டிஸ்கைப் பேட்களால் அழுத்திப் பிடிக்கும் காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற உள்ள நிப்பிளைத் திறந்தபோது வெளியே வந்தது வரக்காப்பி நிறத்தில் இருந்தது. மேலே டப்பாவில் இருந்த பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றியிருக்கிறார்கள். குழாய்களிலும் காலிப்பர்களிலும் இருந்ததை யாரும் தொடவில்லை. கேட்டபோது, "மேலே பார்த்தீங்களே சார், சுத்தமாத்தானே இருக்கு" என்றார்கள். கொதிப்பது மேலே இல்லை, கீழே என்பதை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்கு அன்று பொறுமை இல்லை.

பிரேக் ஆயில் என்று எல்லோரும் சொன்னாலும் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர், போரேட் எஸ்டர் போன்ற வேதிப்பொருள்களாலான திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் காலால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே காலிப்பருக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் அது கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகிவிட்டால், ஆவியைச் சுருக்க முடியும் என்பதால், பெடல் சுருங்கும் குமிழ்களுக்குள் வீணாக இறங்கிவிடும். எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,150 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 75 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைக்கும்போது வெளியாகும் ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இது ஒரே ஒரு முறை பிரேக் போடுவதற்கான கணக்கு. இதில் பெரும்பகுதி முன்சக்கர டிஸ்குகளில்தான் இறங்குகிறது. என் காரின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம்தான்.

இந்தத் திரவத்துக்கு இன்னொரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவும், டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே புகும். அதனால்தான் தரவிதிகளில் இரண்டு கொதிநிலைகளைக் குறிப்பிடுகிறார்கள். ஈரமே இல்லாத புதுத் திரவத்துக்கு ஒன்று, ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் கலந்த திரவத்துக்கு மற்றொன்று. டாட் 4 என்ற தரவகையில் சேர்வதற்குக் குறைந்தபட்சம் முறையே 230, 155 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். டாட் 5.1க்கு 260, 180. ஆர்பிஎஃப் 600க்கு மோட்டுல் தரும் எண்கள் 312, 205. பாட்டிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 312ஐயே சொல்லி மாய்கிறார்கள். கடற்கரை ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கும், காலையில் கண்ணாடியைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும் ஊரில் காரை நிறுத்தி வைப்பவனுக்கு அந்த எண் பாட்டிலைத் திறந்த அன்றைக்கு மட்டுமே சொந்தம். நான் பார்த்து வாங்கியது இரண்டாவது எண்ணை. சாதாரண டாட் 4 ஈரம் குடித்த பிறகு 155க்கு இறங்கலாம் என்ற இடத்தில், இது 205இல் நிற்கிறது என்பதுதான் நான் கொடுக்கும் கூடுதல் விலைக்கான காரணம்.

மாற்றும் வேலையை இப்போது வீட்டு வாசலிலேயே செய்கிறோம். அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான்; காலிப்பர் பக்கம் அவன், பெடல் பக்கம் நான். நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் புது ஆயில் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலில் அமிழ்த்தி, "மாமா, மிதிச்சுப் பிடிங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்பான். ஸ்பேனரைக் கால் சுற்றுத் திருப்பியதும் பெடல் இறங்கும். அவன் நிப்பிளை மூடிய பிறகே நான் காலை எடுக்க வேண்டும். ஒருமுறை நான் அவசரப்பட்டுக் காலை முன்னதாக எடுத்ததில் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தச் சக்கரத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் மறுபடி ஏர் எடுக்க வேண்டியிருந்தது, என் வயதுக்கு மரியாதை கொடுத்து அவன் ஒன்றும் சொல்லவில்லை. குழாயில் முதலில் வரக்காப்பி, பிறகு வெந்நீரில் கரைத்த வெல்லம், கடைசியில் இளமஞ்சள் என நிறம் மாறி வருவதைப் பார்ப்பதற்கு ஒரு நிறைவு இருக்கிறது. நடுவில் டப்பாவில் அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போலோவில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயிலைப் பெறுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; நான்கு சக்கரங்களோடு கிளட்ச்சையும் சேர்த்து எடுத்தால்தான் மாற்றம் முழுமையடையும். மொத்தத்துக்கும் 500 மில்லி பாட்டில் இரண்டு ஆகிறது.

இனி டிராக்கில் அது நடந்துகொண்ட விதம். இந்த ஓராண்டில் நான்கு டிராக் நாள்களில் பெடல் ஒருமுறைகூட முன்போல உள்ளே இறங்கவில்லை. மே மாத வெயிலில் தார்ப்பாதையே அனலாய்க் கொதித்த ஒரு பிற்பகலில், கடைசிச் சுற்றின் முடிவில் பெடலின் பயணம் சற்றே நீண்டதாகத் தோன்றியது. அடுத்த வாரம் முன்சக்கரங்களில் மட்டும் ஏர் எடுத்ததும் சரியாகிவிட்டது. நகருக்குள் ஓட்டும்போது எந்த வேறுபாடும் தெரியாது. இதை ஊற்றினால் பிரேக் கூர்மையாகிவிடும் என்று யாராவது சொன்னால், அவருடைய பழைய ஆயிலில் காற்று இருந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இது எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். பெடல் மெத்தென்று இறங்கினால் கோளாறு ஆயிலில். பெடல் கல்லாக நின்று, எவ்வளவு அழுத்தியும் கார் நிற்க மறுத்தால் கோளாறு பேடில். இரண்டாவது வகைக்கு எந்த விலை உயர்ந்த ஆயிலும் உதவாது. கம்பெனி பேட்களோடு இந்த ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு போன முதல் நாளில், ஐந்து வலங்களுக்குப் பிறகு எரிந்த வாடையோடு பேட் பிடிப்பை இழந்தது. அதிக வெப்பம் தாங்கும் பேட்களைப் போட்ட பிறகுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுத்தன. அந்த பேட்கள் காலையில் குளிர்ந்திருக்கும்போது கிறீச்சிடுகின்றன. எங்கள் தெருவில் நான் எத்தனை மணிக்கு அலுவலகம் போகிறேன் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சுற்றின் கடைசி வலத்தையும் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்குகளை ஆறவிடுவதும், வந்து நிறுத்தியவுடன் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் ஆயிலின் ஆயுளுக்கும் நல்லது. வீல் போல்ட்களை 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச்சால் சரிபார்ப்பது, இன்ஜின் ஆயில் அளவைக் குச்சியில் பார்ப்பது, டயர் காற்றை ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் அளப்பது ஆகியவை தனிக்கதை.

இந்தப் பாட்டிலின் பெரிய குறை, அது கேட்கும் கவனம்தான். சாலையில் மட்டும் ஓடும் காருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்பது பொதுவான வழக்கம். ரேஸ் வகை ஆயிலை அப்படி விட்டுவைக்கக் கூடாது. நான் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் ஒருமுறையும், ஆறு மாதம் கழித்து மறுமுறையும் முழுவதுமாக மாற்றுகிறேன். ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பின்னும் முன்சக்கரங்களில் கொஞ்சம் எடுத்துவிடுகிறேன். திறந்த பாட்டிலில் மீந்ததை அடுத்த முறைக்கு எடுத்து வைப்பதில்லை. ஒருமுறை திறந்துவிட்டால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்துவிடும். உதிரிபாகக் கடையில் கிடைக்கும் சாதாரண டாட் 4ஐப் போலச் சில மடங்கு விலை என்பதால், இந்தக் கணக்கில் ஆண்டுச் செலவு உறுத்தவே செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் டிராக்குக்குப் போகிறவர், போவதற்கு முந்தைய வாரம் நல்ல டாட் 4ஐ முழுமையாக மாற்றிக்கொண்டு போவதே மேல். ஓராண்டாகக் காரில் கிடந்த ஆர்பிஎஃப் 600ஐ விடப் புதிய சாதாரண ஆயிலையே நான் நம்புவேன்.

ஈரத்தை அளப்பதாகச் சொல்லும் பேனா வடிவக் கருவி ஒன்றையும் வாங்கினேன். அது நேரடியாக ஈரத்தை அளப்பதில்லை. மின்கடத்து திறனை அளந்து ஈரத்தை ஊகிக்கிறது, அதையும் டப்பாவில் இருக்கும் ஆயிலில்தான் தொட்டுப் பார்க்க முடியும். பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக நான் இப்போது எதையும் தள்ளிப்போடுவதில்லை.

அண்மைக்கால வோக்ஸ்வாகன் கார்களுக்கு அந்நிறுவனம் பிசுபிசுப்புக் குறைந்த டாட் 4 வகையைக் கேட்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், கார் சறுக்காமல் காக்கும் இஎஸ்சி ஆகியவற்றின் வால்வுகள் குளிரில் விரைந்து இயங்குவதற்காக அந்த ஏற்பாடு. ஆர்பிஎஃப் 600 அந்த வகையைச் சேர்ந்ததன்று. மார்கழி விடியலிலும் இருபது டிகிரிக்கு அருகிலேயே நிற்கும் புதுச்சேரியில் எனக்கு இது ஒரு பொருட்டாகப் படவில்லை. ஆனால் கார் இன்னும் வாரண்டியில் இருப்பவர்கள் கையேட்டைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

வாங்கும்போது மூடிக்குக் கீழே உள்ள சீல் குலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்காவிட்டால் பெரிய பைக்குகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்கலாம். ஊற்றத் தொடங்குமுன் டப்பாவைச் சுற்றி ஈரத்துணியைப் பரப்பி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். இது பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்துவிடும், துடைத்தால் போதாது, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். முதல் முறை இது தெரியாமல் நான் விட்ட ஒரு சொட்டு, வலதுபக்க மட்கார்டின் மேல் விளிம்பில் கட்டைவிரல் நகத்தளவு வெளுப்பாக இன்னும் இருக்கிறது.